அம்மா கையால் ஒரு வாய்

மகனைக் கண்டதும் தெஸ்பினு காகிதக் கிண்ணம் ஒன்றை எடுத்து, அவித்த கோதுமையைக் குவியக் குவிய அள்ளிப் போட்டாள்.

தேவாலய வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று எவந்தியா பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள்.

லோயிசோஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தலை கறுத்திருந்த வயதில் லண்டனுக்குப் போனவன், நரைத்த பிறகு ஊர் திரும்பியிருக்கிறான். அதுவும் அம்மாவைப் பார்க்கவென்று வரவில்லை. மனைவி ரூத்தோடு சைப்ரஸுக்கு விடுமுறைக்கு வந்தான்.

ஒரு வாரமாகக் கடற்கரை உணவகங்களில் ரூத்துக்கு அவன் ஊட்டிவிடாத குறைதான். சுட்ட ஹலூமிப் பாலாடைக்கட்டி, அடுப்பு வாயை மண் பூசி மூடி வேகவைத்த ஆட்டுக்கறி, திராட்சை இலையில் பொதிந்த சோறு.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. எங்கம்மா பன்றிக்கறி போட்டு சேப்பங்கிழங்கு வைப்பாங்க. அதத் தின்னாத்தான் சைப்ரஸ் வந்த மாதிரி."

"அப்ப ஏன் இன்னும் அங்க போகல?" என்றாள் ரூத்.

அவன் பேச்சை மாற்றினான். அப்பா யாக்கோவோஸ் சாகக் கிடந்தபோது, ஊர் வழக்கப்படி தன் தகப்பன் பேரையே வைத்து வளர்த்த பிள்ளையை "லோயிசோ, லோயிசோ" என்று கூப்பிட்டுக்கொண்டே கிடந்தார். அம்மா போன் மேல் போன் போட்டாள். "கோடையில வர்றேன்" என்றான். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

அம்மா தன் கையால் ஒரு வாய் சோறு போடுவாளா, மாட்டாளா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்று வந்தான். வீடு பூட்டியிருந்தது. "இன்னைக்கு இறந்தவங்க சனிக்கிழமை. கோயில்ல இருப்பாங்க" என்றார்கள் பக்கத்து வீட்டில்.

கோயில் வாசலில் தெஸ்பினு முன்னால் இரண்டு தட்டுகள். இரண்டிலும் கோதுமைமேல் சர்க்கரை பரப்பி, செத்தவர் பேரின் கிரேக்க முதலெழுத்தை வெள்ளி மிட்டாயால் எழுதியிருந்தாள். ஒன்றில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, அப்பாவின் எழுத்து. மற்றதில் கூடாரம் போல இரண்டு கால் ஊன்றிய எழுத்து, தாத்தாவுடையது. அதிலிருந்துதான் அள்ளியிருந்தாள்.

"அம்மா, இவ ரூத்."

தெஸ்பினு மருமகளின் கன்னத்தைத் தடவினாள். "நல்லாருக்கியா தாயி?" பிறகு கிண்ணத்தை மகனிடம் நீட்டினாள். "சாப்பிடு."

"அம்மா, அப்பா விஷயத்துல நான்..."

"மொதல்ல சாப்பிடு."

மாதுளை முத்தும் பாதாமும் பல்லில் பட்டன. அந்தக் கைப்பக்குவம் கொஞ்சமும் மாறவில்லை. மன்னித்துவிட்டாள், பெற்றவள் அல்லவா என்று நினைத்ததும் அவனால் அடக்க முடியவில்லை. அத்தனை பேர் நடுவில், மென்றுகொண்டே அழுதான். ரூத் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கிண்ணம் காலியாகும்வரை தெஸ்பினு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லலையே. லண்டன் போய் அதையும் மறந்துட்டியா?"

திவசக் கோதுமை தின்றவன் அதைச் சொல்லாமல் போகக்கூடாது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சில் சிலுவை போட்டான்.

"ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்."

"ஆமா. ஆண்டவனாவது அவனை மன்னிக்கட்டும்" என்றாள் அவள்.

லோயிசோஸுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. "என்னம்மா, தாத்தாவைப் போய் அவன் இவன்ங்கற?"

தெஸ்பினு அவன் கையிலிருந்த காலிக் கிண்ணத்தை வாங்கிக் கசக்கினாள்.

"தாத்தாவுக்கு யாரு குடுத்தா? இது உன் திவசம்."