மாடி வீட்டு முயல்

"ஏம்மா, கேரட்டுக்குத் தோல் சீவுறியா, இல்ல பென்சில் சீவுறியா?"

வந்து இறங்கிய மறுநாளே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. தம்பி மனைவி சீவிய கேரட்டுகள் இளைத்துத் துரும்பாகிக் கிடந்தன. பக்கத்துக் கிண்ணத்தில் தோல் மலையாகக் குவிந்திருந்தது.

"எனக்குத் தோல் சீவவே வராது அண்ணி" என்று சிரித்தாள் தம்பி மனைவி.

"என் தம்பி ஏன் இளைச்சான்னு இப்பத்தானே புரியுது!"

காலையில் இருவரும் சேர்ந்துதான் சந்தைக்குப் போய் வந்தார்கள். குளிரில் மூக்கு சிவக்க நின்று கேரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப், உருளைக்கிழங்கு என்று பை கொள்ளாமல் வாங்கினார்கள். அங்கேயே நாத்தனாருக்கு ஒரு உறுத்தல். நேராக விளைந்த கேரட் குவிந்து கிடக்க, இரட்டைக் கால் முளைத்த கோணல் கேரட்டாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள் தம்பி மனைவி. இப்போது அதையெல்லாம் சீவாமலே தோல் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முழுசு முழுசாப் போடுறியே!"

"கோணல் மாணலா இருக்கு அண்ணி. கத்தி உள்ளே போகாது."

"போகாதுன்னு தெரிஞ்சே எதுக்கு வாங்கினே?"

தம்பி மனைவி அடுத்த கிழங்கை எடுத்துக் குழாயடியில் பிடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் ஐஸாகக் கொட்டியது. விரலெல்லாம் சிவந்துவிட்டது. மண் இடுக்கில்கூட நிற்கக்கூடாது என்று அப்படியொரு தேய்ப்பு.

"குப்பைக்குப் போற தோலை எவளாவது குளிப்பாட்டுவாளா?"

"குப்பைக்கு இல்ல அண்ணி. மாடி வீட்டு டிரைவர் ஐயா முயல் வளர்க்கிறார். அதுக்கு."

"யாரு, படியில பார்த்தேனே, சட்டை மடிப்புக் கலையாம விறைப்பா! அவரா?"

"அவர்தான். பஸ் ஓட்டினவர். அவர் வீட்டம்மா போனதுக்கப்புறம் தனியாத்தான் இருக்கார்."

"நீ கொடுத்தனுப்பின சூப்பை மூடியைக்கூடத் திறக்காம திருப்பி அனுப்பிச்சவர்னு என் தம்பி சொன்னானே?"

"யார்கிட்டயும் எதுவும் வாங்கிப் பழக்கமில்லையாம் அண்ணி. ஆனா தோலை மட்டும் அவராத்தான் கேட்டார். 'வீணாக்காதேம்மா, முயலுக்கு ஆகும்'னார்."

"நல்லா இருக்கே! உன் சூப் ஆகாது, தோல் மட்டும் ஆகுமாக்கும்!"

இந்த நாத்தனார் சின்ன வயதில் முயல் வளர்த்தவள். போதாக்குறைக்கு, தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று சாதிக்கிற ரகம். கிண்ணத்தைக் கிளறிப் பார்த்தாள்.

"உருளைக்கிழங்குத் தோலா? ஐயையோ, முயலுக்கு ஆகவே ஆகாதும்மா! கேரட் இலை எங்கே? அதுதானே அதுக்கு உசிரு!"

"இலை வேணாம்னுட்டார் அண்ணி."

"முயலுக்கு இலை வேணாமா? வாயில்லா ஜீவனைக் கொன்னுடுவார் போலிருக்கே! கொண்டா இங்கே. நானே போய் நாலு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

தம்பி மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, வேணாம். நான் வாசல்ல வச்சு, மணியடிச்சிட்டு வந்துடுவேன். யாரும் உள்ளே வர்றது அவருக்குப் பிடிக்காது. மனசு ஒடிஞ்சு போயிட்டார்னா அப்புறம் இந்தத் தோலையும் வாங்க மாட்டார்."

"வாங்காட்டி போகட்டும். முயலாவது பிழைக்கும்!"

ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் கேரட் இலைக் கட்டுமாக நாத்தனார் மாடியேறிவிட்டாள். அவள் கிளம்பினால் கிளம்பினதுதான்.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை. இத்தனை நாள் கட்டிக் காத்தது போச்சே என்று தம்பி மனைவி அப்படியே நின்றாள். அடுப்பில் சூப் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

நாத்தனார் இறங்கி வந்தாள். கேரட் இலை கையில் அப்படியே இருந்தது. கிண்ணம் மட்டும் இல்லை.

"அண்ணி... அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"முயல் எங்கேன்னு கேட்டேன்."

"ஐயோ! என்ன சொன்னார்?"

"தூங்குதுன்னார். சரி, எழுப்ப வேணாம்னு வந்துட்டேன்."

தம்பி மனைவிக்கு மூச்சு வந்தது. நாத்தனார் அடுப்பைக் குறைத்தாள். வழிந்த சூப்பைத் துணியால் துடைத்தாள்.

"அவர் அடுப்புல வெறும் தண்ணி கொதிச்சிட்டிருந்துச்சும்மா" என்றாள் மெதுவாக.

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் அவளுடைய சிவந்த விரல்களை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள்.

"உனக்கா தோல் சீவ வராது? உன்னை மாதிரி சீவ யாருக்கு வரும்!"

பிறகு கத்தியை வாங்கிக்கொண்டு தானே உட்கார்ந்தாள். பையிலிருந்ததிலேயே நல்ல பருத்த பீட்ரூட்டாக ஒன்றை எடுத்து, தோலைத் தாராளமாகச் சீவ ஆரம்பித்தாள்.

"இனிமே இதைப் பொடிசா நறுக்கியே கொடும்மா. அந்த முயல், பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டு வச்சிருக்கு."