மணிக்கு ஒரு நிமிடம் முன்பு

கல்லூரி முதல்வர் அறையில் நாற்காலிகள் நான்கு. நடுவில் தாளாளர் சிவபிரகாஷ். அவருக்கு வலப்பக்கம் முதல்வர் ஆரோக்கியதாஸ். சன்னலோரம், திருச்சியிலிருந்து வந்திருந்த, சர்வர் விற்கும் கம்பெனியின் ஆள் பிரவீன்குமார். நான்காவது நாற்காலியில் அவருடைய லேப்டாப் பை.

லேப் பொறுப்பாளர் வனிதா நின்றாள். அவளுக்குப் பின்னால், கதவை ஒட்டி, இரண்டாம் ஆண்டு மாணவி அன்புமொழி. ஒன்பது பேர் சார்பில் வந்தவள்.

திங்கட்கிழமை நடந்த ஆன்லைன் தேர்வில் அந்த ஒன்பது பேருக்கும் பூஜ்யம்.

கடைசி நிமிடம் வரை எழுதியவர்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தினார்கள்; பக்கம் அசையவில்லை. மணி அடித்தது. தேர்வு மூடிக்கொண்டது.

"முன்னாடியே முடிச்ச பிள்ளைகளுக்கெல்லாம் போயிருக்குல்ல? இதுக அமுக்குறப்ப மட்டும் நெட்டுக்குச் சாமி வந்துருச்சாக்கும்?" என்றார் தாளாளர்.

பிரவீன்குமார் சிரித்தார். பிறகு பழியை ப்ராக்ஸி சர்வர் மேல் போட்டார். லேபின் அறுபது கம்ப்யூட்டரும் வெளியே போக அந்தப் பெட்டிதான் வழி. ஒருமுறை வந்த பக்கத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அதுதான். மணி நெருங்கும்போது எல்லோரும் ஒன்றாக முட்டுவதால் திணறுகிறது, புதிது வாங்க வேண்டும் என்றார்.

வனிதாவுக்குக் காது மடல் சுட்டது. பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஆள்.

அவள் ஜூன் மாதத்திலிருந்து ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வகுப்பு மணிக்கும் ஒரு நிமிடம் முன்பு சர்வர் நின்றுபோகும். ஜூனில் ஐம்பது வினாடி. இப்போது ஐம்பத்தெட்டு. போன சனிக்கிழமை கல்லூரிக்கு விடுமுறை. பிள்ளைகள் இல்லை, மணியும் இல்லை. ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்த்தாள். அதே நிமிடங்களில் நின்றது.

"ஆளே இல்லாதப்பவும் நிக்குது சார். பெட்டி பழசுங்கிறதெல்லாம் சும்மா."

குரல் அவள் நினைத்ததைவிட ஓங்கி வந்தது.

முதல்வரின் கம்ப்யூட்டரிலேயே சர்வரைத் திறந்து காட்டினாள். மணிக்கு ஒரு நிமிடம் முன்பு தானாக ஓடும் வேலை ஒன்று அதில் இருந்தது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பார்த்தது என்ற பட்டியலை முதல் வரியிலிருந்து படித்து, தாளாளரின் செல்போனுக்கு அனுப்பும் வேலை. மணி அடித்துப் பிள்ளைகள் எழுந்து போவதற்குள் கையும் களவுமாகப் பிடிக்க அவர் கண்ட வழி. பட்டியலில் ஒரு வரிகூட அழிக்கக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. மூன்று வருடப் பட்டியல். அதைப் படித்து முடிக்கும்வரை சர்வர் வேறு யாரையும் திரும்பிப் பார்க்காது.

அந்த வேலையை நிறுத்தினாள்.

பதினொன்றே முக்காலுக்கு மணி. பதினொன்று நாற்பத்து நான்கில் ஐவரும் திரையையே பார்த்தார்கள். பக்கங்கள் தட்டத் தட்டத் திறந்தன. மணி அடித்தது.

அன்புமொழி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முதல்வர் தாளாளரைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். "யாரு இத எழுதிப் போட்டது?"

"முன்னாடி லேப்ல இருந்த நிலவழகனாத்தான் இருக்கும் சார்," என்றார் பிரவீன்குமார். "இப்ப கத்தார்ல இருக்காப்ல."

தாளாளர் முகம் தெளிந்தது. அவர் வனிதாவை மட்டும் பார்த்துச் சொன்னார்: "அப்ப அவன் தலையிலயே கட்டிருவோம். பிளைட்டப் புடிச்சு வந்தா கேக்கப் போறான்? ஏம்மா, யுனிவர்சிட்டிக்கு நீயே எழுதிரு. அந்தப் பய பண்ணுன விஷமம்னு போடு. மறுதேர்வுன்னு மட்டும் எழுதிராத, பேப்பர்ல வந்துரும்."

கதவோரம் ஒரு பிள்ளை நிற்பது அவர் கணக்கிலேயே இல்லை.

லேபுக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள் வனிதா. பொருள். பார்வை. எண் போட்ட பத்திகள். ஒன்பது பதிவெண்கள். சர்வர் நின்ற நேரங்கள், நோட்டின் நகலோடு. தாளாளரின் உத்தரவு. மறுதேர்வு நடத்த வேண்டும் என்ற கோரிக்கை. பேனா அழுந்தித் தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினாள்.

ஏழாவது பத்தியை எழுத மட்டும் வெகுநேரம் ஆயிற்று.

'மேற்படி வேலையை சர்வரில் எழுதிச் சேர்த்தவர் திரு. நிலவழகன் அல்லர். தாளாளர் கேட்டதன்பேரில், பணியில் சேர்ந்த முதல் மாதத்தில், நான்தான் எழுதினேன். சர்வர் நிற்பதற்கு அதுவே காரணம் என்பது தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே, சனிக்கிழமையே எனக்குத் தெரியும். நிறுத்தினால் பட்டியல் போகாது, தாளாளர் என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று பயந்து, நிறுத்தாமல் வீட்டுக்குப் போனேன்.'

கையெழுத்திட்டு, உறையை ஒட்டினாள். அனுப்புநர் இடத்தில் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. வீட்டு முகவரியை எழுதி, கந்தர்வக்கோட்டை தபாலாபீசில் விரைவுத் தபாலில் சேர்த்து, ரசீதை அன்புமொழியின் கையில் கொடுத்தாள்.