கவிழ்ந்த உருளி

இதை எனக்கு முதலில் சொன்னவர் புனேயில் சாங்வி பகுதியில் குடியிருக்கும் ராஜஸ்ரீ. போன மாசி வெள்ளியன்று, கோயிலில் குங்குமம் வாங்க வரிசையில் நின்றபோது சொன்னார். அவருக்கு நேர்கீழ் வீட்டு ரமாவின் கதை இது.

"ஏங்க, இங்க வந்து இந்தக் கூத்தப் பாருங்க!"

ரமா கூப்பிட, கணவர் ஜெகதீசன் பேப்பரும் கையுமாக வாசலுக்கு வந்தார்.

எப்போதும் பூ மிதக்கும் பெரிய மண் உருளி குப்புறக் கிடந்தது. பூக்கள் ஓரமாக ஒரு காகிதத்தில்.

"போன சனிக்கிழமையும் இதையேதான் பண்ணுனா. மாசமா இருக்கற மருமக இருக்கற வீடு. வாசல்ல பாத்திரத்தக் கவுத்து வெச்சா என்னங்க அர்த்தம்?"

பாத்திரம் தேய்க்க வரும் வைஜயந்தா மாவஷி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எதுக்குக் கவுத்தே?" தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள் ரமா.

"ஆஜ் கோர்டா திவஸ், தாயி."

மாவஷி என்றால் சித்தி, தாயி என்றால் அக்கா, ஆஜ் என்றால் இன்று. திவஸ் என்றால் நாள். கோயம்புத்தூரிலிருந்து புனே வந்த பத்து வருடத்தில் அந்த அளவு மராத்தி ரமாவுக்கு வரும்; கோர்டாதான் புரியவில்லை. இருந்தாலும், கவிழ்ந்த உருளிக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் காதில் திவசம் என்றுதான் விழுந்தது.

ரமாவின் முகத்தைப் பார்த்து, "டிரை டே, தாயி. டிரை டே" என்றாள் மாவஷி.

ஜெகதீசன் சிரித்துவிட்டார். "டிரை டேன்னா சாராயக் கடைக்கு லீவு. வீட்டுக்காரன் நேத்தே ரெண்டு நாளைக்கும் சேத்து ஊத்தியிருப்பான். அந்தக் கலக்கத்துல வந்திருக்கா."

"தண்ணிய எங்க கொட்டுனே? அதுல கங்கா ஜலம் கலந்திருக்கு!"

மாவஷி துளசித் தொட்டியைக் காட்டினாள். "துளசிக்குத்தான் ஊத்தினேன், தாயி."

"பாத்தீங்களா, பதிலுக்குப் பதில்! நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

மாவஷி பையை எடுத்துக்கொண்டாள். படி இறங்குமுன் திரும்பி, மருமகள் ப்ரீதி படுத்திருந்த அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"சனிக்கிழமைய மறந்துடாதீங்க, தாயி."

"கேட்டீங்களா? சனியை இழுத்துச் சாபம் விட்டுட்டுப் போறா!"

அன்று சாயங்காலமே ரமா சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டாள். உருளியை நிமிர்த்தித் தண்ணீர் நிரப்பினாள். அதன் பிறகு தினமும் பூவை மட்டும்தான் மாற்றினாள். தண்ணீர் குறையக் குறைய, இரண்டு சொட்டு கங்கா ஜலம் விட்டு மேலேயே ஊற்றினாள்.

மார்கழி வந்தது. புனே வந்த புதிதில், ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் கோலம் போட முடியாது. இந்த வருடம் பட்டப்பகலில் ஃபேன் ஓடியது.

"நல்லதுதான், ப்ரீதிக்குக் குளிர் ஆகாது" என்று அதற்கும் பெருமாளுக்கு நன்றி சொன்னாள் ரமா.

ஒரு மதியம் ப்ரீதிக்குக் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு.

"எல்லாம் அந்த மாவஷியோட வாக்கு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள் ரமா.

ப்ரீதி பிழைத்தாள். வயிற்றிலிருந்த ஏழு மாதப் பிள்ளை பிழைக்கவில்லை.

பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று, மாநகராட்சி ஆள் ஒருவர் டார்ச்சோடு வந்தார். வாசலிலேயே நின்று உருளிக்குள் வெளிச்சம் அடித்தார். பூவுக்கு அடியில் குட்டிக் குட்டியாகப் புழுக்கள் நெளிந்தன.

"குளிர் காலத்துல ஏதுங்க கொசு?" என்றார் ஜெகதீசன்.

"குளிர் எங்கே இருக்கு, ஐயா? முன்னெல்லாம் டிசம்பர் வந்தா எங்களுக்கு வேலை குறையும். இப்ப வெக்கை விடவே இல்லை, முட்டை பொரிஞ்சுக்கிட்டே இருக்கு. அடுத்த பில்டிங்ல ஏற்கெனவே ரெண்டு பேருக்கு டெங்கு. இது பகல்ல கடிக்கிற கொசு. ரொம்ப தூரம் பறக்காது. உங்க வாசல்ல பிறந்து, உங்க வீட்டுக்குள்ளதான் வரும்."

சொல்லிக்கொண்டே சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். அதில் கவிழ்த்து வைத்த பானையின் படம். மேலே பெரிய எழுத்து. ரமா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

கோர்டா திவஸ்.

"இதுக்கு... என்னங்க அர்த்தம்?"

"காய வைக்கிற நாள். வாரத்துல ஒரு நாள் தண்ணி நிக்கிற எல்லாத்தையும் கொட்டி, உள்பக்கம் தேச்சு, கவுத்து வைக்கணும். தேய்க்காட்டா முட்டை ஒட்டிக்கிட்டே இருக்கும்." அவர் பசை டப்பாவை மூடினார். "குடிசைப் பக்கம் போய் இதைச் சொன்னப்ப, வைஜயந்தான்னு ஒரு மாவஷி மட்டும் எழுந்து கேட்டா, 'நான் வேலை செய்யிற வீட்டு மருமக மாசமா இருக்கா. அங்கேயும் போய் இதைப் பண்ணட்டுமா'ன்னு. இந்த பில்டிங் பேரைத்தான் சொன்னா. சனிக்கிழமை சனிக்கிழமை பண்ணு, நீ வராட்டா மறக்காம இருக்க அவங்ககிட்டயும் சொல்லி வைன்னேன். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

ரமா அந்தப் பானைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா" என்றாள்.

உங்கள் வாசலிலும் உருளி இருந்தால், வருகிற சனிக்கிழமை அதைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள், தாயி.