கட்டுப்படியாகாத கலைமான்

காசு கட்டி மிருகங்களைச் சுடும் வேட்டைப் பண்ணை ஒன்றின் வாசலில் ஒரு விலைப்பலகை தொங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே கலைமானின் விலை, கடைசியில் காட்டுப்பன்றியின் விலை. அந்தப் பலகையை ஒரு தடவை பார்க்காமல் கலைமான் ஒருநாளும் மேயப் போனதில்லை.

ஒரு காலையில் வேட்டைக்காரன் ஒருவன் வந்தான். பலகைக்கு அடியில் உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் போட்டான். அறை, ஜீப், சமையல்காரர், வழிகாட்டி எல்லாம் போக, கையில் மிஞ்சியது பன்றியின் விலைக்குத்தான் சரியாக இருந்தது.

"சரி, பன்றியே போதும்" என்றான்.

புதருக்குப் பின்னால் நின்ற பன்றி இரண்டடி பின்வாங்கியது. "அண்ணே, நான் வேலியோரமாப் போய் ஒளிஞ்சுக்கிறேன். நீங்க தப்பிச்சிட்டீங்க."

"தப்பிச்சேனா?" பக்கத்தில் நின்ற கலைமானின் முகம் சுருங்கியது. "என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காம உன்னைப் போதும்னுட்டான்! ஊர்ல போய் என்ன சொல்லுவான்? அங்க பன்றிதான் இருந்துச்சுன்னு சொல்லுவான்."

"சொல்லிட்டுப் போகட்டுமே அண்ணே."

கலைமான் கேட்கவில்லை. புதரை விலக்கிக்கொண்டு வேட்டைக்காரன் முன்னால் போய் நின்றது. அவன் வாயைப் பிளந்தான். பிறகு பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"ஆசைதான். கட்டுப்படியாகாதே."

"ஏன் ஆகாது?" என்றது கலைமான். "ஜீப் எதுக்கு? நான் மேயற இடம் நடக்கிற தூரம்தான். வழிகாட்டியும் வேண்டாம், நானே கூட்டிட்டுப் போறேன். காலையிலேயே முடிஞ்சிட்டா அறை வாடகையும் மிச்சம்."

வேட்டைக்காரன் மறுபடியும் விரல்விட்டான். கணக்கு சரியாக வந்தது.

"பார்த்தியா?" என்று பன்றியிடம் சொல்லிவிட்டு, கலைமான் கொம்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தது.