கேட்க ஆளில்லாத கொம்பு

ஏலியாகு கொம்பை உதட்டில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். கேட்க ஆளில்லை.

யூதர்களின் வருடப் பிறப்பில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவது பெரிதில்லை. கேட்பதுதான் கடமை. தன் காதும் கணக்கில் சேரும்தான். ஆனால் தனக்குத் தானே ஊதிக்கொள்கிறவர் என்ன தலைவர்?

ஒரு காலத்தில் அவர் நிஜமாகவே தலைவர். கொச்சிக்குப் பக்கத்தில் ஒரு யூதத் தொழுகைப் பள்ளியில் அவர் சொன்னதுதான் சட்டம். வேலையும் நெருப்பும் கூடாத ஓய்வுநாளில் பீடி பற்றவைத்த சொந்தத் தம்பியோடு ஒரு வருடம் பேசாமல் இருந்த மனிதர். பிறகு மொத்தப் பேரும் இஸ்ரேலுக்குக் கப்பலேறினார்கள். அவர் மனைவி எஸ்தருக்குக் கடல் என்றால் பயம். அவளுக்காகத் தங்கிவிட்டவர், ஆயில் இன்ஜின் ரிப்பேர் வேலையோடு நன்னிலம் பக்கம் வந்து சேர்ந்தார். இங்கே அவர் இன்ஜின் அய்யா. பாதிப் பேர் அவரை சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் என்றே நினைத்திருந்தார்கள். அவரும் திருத்தப் போகவில்லை.

போன வருடம் வரை இந்தக் கொம்பைக் கேட்டவள் எஸ்தர் ஒருத்திதான். சித்திரையில் போய்விட்டாள். அவளோடு வீட்டில் நாள் கிழமையும் போய்விட்டது.

ஆவணி அமாவாசை கழிந்ததை வைத்துத்தான் வருடம் பிறந்ததைத் தெரிந்துகொண்டார். கூலித் தகராறில் குறுவை அறுப்பு நின்றுகிடந்தது. எந்த இன்ஜினும் ஓடவில்லை. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசமே இல்லை.

முடிகொண்டான் ஆறு கரை தொட்டு ஓடியது. அவருக்குப் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் சேரி. வேலைநிறுத்தம் என்பதால் பிற்பகலிலும் எல்லோரும் குடிசையில்தான் இருந்தார்கள்.

வரும் வருடத்தில் யார் பிழைப்பார், யார் போவார் என்று மேலே இருப்பவன் எழுதுகிற நாள் இது. போன வருடம் எஸ்தர் பெயரை ஏன் அந்தப் பக்கம் எழுதினாய் என்று கேட்க வாய் வந்தது.

கேட்கவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து மூச்சிழுத்து ஊதினார்.

தாயைக் காணாத கன்றின் குரல் மாதிரி அது ஆற்றின் மேல் போயிற்று. நீளமாக ஒன்று, விம்மி விம்மி ஒன்று, மறுபடி நீளமாக ஒன்று. மடையில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. அவையாவது கேட்டனவே என்று கொம்பைத் துணியில் சுற்றினார்.

அப்போதுதான் வரப்பில் ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்தார்.

இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். கிழவர் ஒருவரை முதுகில் சுமந்தபடி ஒருவன். சேரியே திரண்டு வந்தது.

முதலில் வந்த காளியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "எந்தப் பக்கமா வர்றானுங்க அய்யா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ரோட்டுப் பக்கமிருந்து மருதையன் ஓடி வந்தான். விவசாயச் சங்கம் வைத்த காவல் அவன். தோளில் பித்தளைக் கொம்பு தொங்கியது. போன மார்கழியில் பண்ணை ஆட்கள் குடிசையோடு மனிதர்களைக் கொளுத்திய பிறகு கீழத்தஞ்சைச் சேரிகளில் யாரும் நிம்மதியாகக் கண் மூடியதில்லை. கொம்புச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஆற்றங்கரைக்கு ஓடிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

"நான் ஊதலையே. யாரு ஊதுனது?"

ஏலியாகு துணியைப் பிரித்துக் காட்டினார். எங்களுக்கு இன்று வருடப் பிறப்பு, இது வழக்கம் என்று தடுமாறிச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு வந்த ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள்.

சேரிக்கு மேல் புகை. முதலில் ஒரு கூரை, பிறகு வரிசையாக எல்லாம். மருதையன் காவலிருந்த ரோட்டு வழியாக அவர்கள் வரவில்லை, பின்னால் கருவேலங்காட்டு வழியாக வந்திருந்தார்கள். பண்ணை ஆட்கள் தீப்பந்தத்தோடு குடிசை குடிசையாகப் படலை உதைத்துத் திறப்பது கரையிலிருந்தே தெரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

கரையில் அவரவர் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஓர் உயிர் குறையவில்லை.

காளியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "சனிக்கிழமையும் அதுவுமா எல்லாத்தையும் கொளுத்திட்டானுங்களே." சொல்லிவிட்டு ஏலியாகுவைப் பார்த்துக் கை கூப்பினாள்.

அவர் கொம்பை அவசரமாகத் துணியில் சுற்றினார்.

சனிக்கிழமை ஓய்வுநாள். வருடப் பிறப்பு அன்று விழுந்தால் கொம்பைத் தொடவே கூடாது. அப்படிப்பட்ட வருடங்களில் யாரும் மறந்து எடுத்துவிடாதபடி முதல் நாளே அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் எஸ்தர் விளக்கேற்றுவாள். ஓய்வுநாள் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிவது அந்த விளக்கைப் பார்த்துத்தான்.

நேற்று விளக்கேற்ற ஆளில்லை.

எரியும் கூரைகளையும் கரையில் நின்ற முகங்களையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். மேலே எழுதுகிறவனிடம் கேட்க வைத்திருந்த கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது.

அவள் இருந்திருந்தால், கொம்பு இன்று பெட்டியை விட்டு வெளியே வந்திருக்காது.