உள்ளே விட்ட துணி

நான் கை கூப்பினேன். அவர் கட்டிப்பிடித்தார்.

கூப்பிய கை இரண்டு தொப்பைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மகளின் மாமனாரை நான் முதன்முதலாக நேரில் சந்தித்த அழகு இது.

அவர் விடுவதாக இல்லை. எந்தப் பக்கம் மூச்சு விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் எல்லோரும் கறுப்பு உடுப்பு. நாங்கள் இருவரும் வெள்ளை. ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் சதுரங்கக் காய்கள் மாதிரி வாசலில் நின்றோம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அந்த வீட்டில் ஷூவோடுதான் நடக்கிறார்கள். சரி, நாமும் அப்படியே இருப்போம் என்று திரும்பி வந்து மாட்டிக்கொண்டேன். அதற்குள் சம்பந்தி என் வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் தன் ஷூவைக் கழற்றியிருந்தார். சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மற்றதற்கெல்லாம் மாப்பிள்ளை வேண்டியிருந்தது. அவருடைய தமிழ் முழுக்க என் மகள் சொல்லிக்கொடுத்தது. தாடியும் தானுமாக ஆறடி ஆள், பேசினால் அப்படியே அவள்.

"ஐயோ அப்பா, பேசாம உக்காருங்களேன்" என்றார், அவள் இழுக்கிற அதே இழுப்பில்.

மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு இருந்தது ஒரே கவலை. இந்த ஒரு தடவையிலேயே இவர்களுக்கு நாங்கள் சொந்தமாகிவிட வேண்டும். இல்லையென்றால் போனில் பார்த்த முகங்களாகவே நின்றுவிடுவோம்.

பையிலிருந்து சட்டையை எடுத்தேன். நீலச் சட்டை. போன மாதமே தைத்து வைத்தது. தையல்காரன் சம்பந்தி வீட்டுக்கு வேறு எதைக் கொண்டுபோவான்?

அளவு சொன்னது மகள். "மாமா தோள் இவ்ளோ இருக்கும்ப்பா" என்று சிரித்துக்கொண்டே போனில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கைகள் திரைக்கு வெளியே போய்விட்டன. மீதியைக் குத்துமதிப்பாக வெட்டினேன்.

சம்பந்தி கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு அங்கேயே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

முழுக்கைச் சட்டை முழங்கையோடு நின்றுபோனது. பொத்தான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன. கழற்றிவிடச் சொல்லிச் சைகை காட்டினேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்தபடி எனக்கு டீ ஊற்றினார்.

தோள் தையலில் டர்ரென்று ஒரு சத்தம். யாரும் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல குடும்பம்.

சம்பந்தியம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். மனைவி தமிழில் பேசினாள். இருவரும் ஒரே நேரத்தில். பதில் யாருக்கும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

கார் வந்தது.

மனைவி எழுந்தாள். நானும் எழுந்தேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினோம்.

மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி வந்தார்.

"என்னப்பா, சொல்லாமக் கொள்ளாமப் போறீங்க? நாங்க என்ன தப்பு பண்ணோம்? எங்க அம்மா அழறாங்க."

திரும்பினேன். வாசலில் சம்பந்தி, ஏதோ குற்றம் செய்துவிட்டவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். சட்டையை இன்னும் கழற்றவில்லை.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. மாப்பிள்ளைக்கு அவ்வளவு தமிழ் சொல்லிக்கொடுத்தவள் இதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. போன வாரம் அவள் கண்ணை மூடும் வரைக்கும் அதற்குத் தேவை வரவில்லை.

மனைவியைப் பார்த்தேன். கார் கதவைத் திறந்தவள், மெல்லச் சாத்தினாள்.

நான் படியேறினேன். சம்பந்தியின் தோளில் விட்டிருந்த தையலுக்குள் விரலை நுழைத்து, உள்ளே மடிந்திருந்த துணியை வெளியே இழுத்துக் காட்டினேன்.

"உள்ள துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன் மாப்பிள்ளை, அப்பாகிட்ட சொல்லுங்க. அடுத்த தடவை வரும்போது பிரிச்சுத் தைச்சுத் தரேன்."

மாப்பிள்ளை சொல்ல ஆரம்பித்து, பாதியில் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சம்பந்திக்கு என்ன புரிந்ததோ, அளவு கொடுப்பவர் மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றார்.

என்னிடம் டேப் இல்லை. கட்டிப்பிடித்துத்தான் அளந்தேன்.