அவுட் இல்லை!

"அந்த ஆளை யாருடா உள்ள விட்டது?"

என் கூட்டாளி சாகோ போட்ட சத்தத்துல மைதானமே திரும்பிப் பார்த்துச்சு.

வாசல்ல லியோன்சியோ நின்னுக்கிட்டிருந்தான். கறுப்புச் சட்டை, கையில தொப்பி. எங்க குதிரைக்கு அவுட் கொடுத்த அம்பயர், அவர் சாவுக்கே வந்து நிக்கிறான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!

குதிரைன்னா நிக்கானோர். எங்க சர்க்கரை ஆலை டீமுக்கு அவர்தான் உயிர். பந்தை அடிச்சிட்டு ஓட ஆரம்பிச்சார்னா கால் தரையில படுறதே தெரியாது, அதனால அந்தப் பேரு. முந்தாநாள் காலையில காபி குடிச்சுக்கிட்டே போயிட்டார். ஆலைச் சங்கை ஊதி ஊருக்குச் சொன்னாங்க.

எங்க ஊர்ல பேஸ்பால் ஆடினவன் செத்தா நேரா கல்லறைக்குக் கொண்டு போறதில்ல. பெட்டியைத் தோள்ல வச்சு மூணு பேஸையும் சுத்தி, ஓட்டம் முடியுற இடத்துல வெள்ளைப் பலகை இருக்கே, ஹோம் பிளேட், அதுல இறக்கி, ரம் ஊத்தி வழியனுப்பினப்புறம்தான் குழி.

ஆனா குதிரைக்கு அந்த ஹோம் பிளேட்டுலதான் அநியாயம் நடந்தது.

பல வருஷத்துக்கு முன்னாடி, லா ரொமானா ஊர் டீமோட ஃபைனல். கடைசி ஓட்டம். குதிரை மூணாவது பேஸ்லேருந்து பாய்ஞ்சு வந்து சறுக்கினார். பந்து வந்து சேர்றதுக்குள்ள ஆள் அந்த வெள்ளைப் பலகையைத் தொட்டுத் தாண்டியாச்சு. ஊரே பார்த்தது! அதுக்கப்புறம் கேட்சர் பந்தைப் பிடிச்சு ஓடிவந்து அவரைத் தொட்டான். கையை விரிச்சு 'சேஃப்'னு சொல்ல வேண்டிய லியோன்சியோ, கையை மடக்கி உயர்த்திட்டான். அவுட்டாம்! கோப்பை போச்சு.

அன்னிலேருந்து பார் சுவத்துல, பஸ் முதுகுல, எங்க பார்த்தாலும் ஒரே வாசகம்தான். 'அவுட் இல்லை!' இன்னிக்கு வந்த அத்தனை பேரும் அதே வாசகம் போட்ட பனியன்தான். நானும்தான்.

குதிரை மட்டும் யாரையும் குத்தம் சொன்னதே இல்ல. பார்ல பேச்செடுத்தா, "விடுங்கப்பா, நான் அவுட்தான்"னு சிரிப்பார். கல்யாண வீட்டுல கேட்டாலும் அதே பதில்.

"எதிரியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறார் பாருடா, தங்கம்டா!"ன்னு நாங்க இன்னொரு பீர் சொல்லுவோம்.

அப்பேர்ப்பட்ட மனுஷனோட சாவுக்கு இவனா?

"யோவ் அம்பயர்! கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தியா, இல்ல இன்னிக்கும் குருட்டுத் தீர்ப்புதானா?"

"வெளிய போய்யா!"

ஆரஞ்சுப் பழம் ஒண்ணு பறந்து வந்து அவன் தோள்ல பட்டுச்சு. அந்த ஆள் அசரல. நேரா நடந்து வந்து, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால அம்பயர் நிக்கிற இடத்துல நின்னான்.

"நான்தான் கூப்பிட்டேன். யாரும் அவர் மேல கை வைக்கக் கூடாது."

சொன்னது எவாரிஸ்தா அக்கா. குதிரையோட சம்சாரம்.

எங்களுக்குச் சட்டுனு பொறி தட்டுச்சு.

"மச்சான், அக்காவோட மூளையைப் பாத்தியா?" சாகோ என் தோளைப் புடிச்சு உலுக்கினான். "அவன் வாயாலேயே சேஃப் சொல்ல வைக்கப் போறாங்க!"

பெட்டி கிளம்பிச்சு. முன்பக்கம் சாகோவும் நானும். முதல் பேஸ்ல கைதட்டல். ரெண்டாவதுல மேளம். மூணாவது பேஸ்ல நின்னோம் பாருங்க, மைதானம் பூரா ஒரே குரல்.

"ஓடு குதிரை! ஓடு!"

ஓடினோம். பெட்டியோட ஓடினோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு.

ஹோம் பிளேட்டுல இறக்கி வச்சதும் சத்தம் அடங்கிருச்சு.

"இப்பச் சொல்லுய்யா," சாகோவுக்கு மூச்சு வாங்கிச்சு. "ஒரே ஒரு தடவை கையை விரி. செத்துப்போன மனுஷனுக்காக. நாங்க எல்லாத்தையும் மறந்துடறோம்."

லியோன்சியோ பெட்டியைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

வலது கையை மடக்கி உயர்த்தினான்.

"அவுட்!"

அப்புறம் கேக்கணுமா? வேலியைத் தாண்டிக் குதிச்சாங்க. சாகோ அவன் சட்டையைக் கொத்தாப் புடிச்சுட்டான்.

"செத்தப்புறமும் விடமாட்டியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"அடிங்க, கொல்லுங்க." அந்த ஆள் கண்ணுல தண்ணி ஊத்துது. "சேஃப் மட்டும் சொல்லமாட்டேன். நிக்கானோருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பொய்!"

"எடுடா கையை!" அக்கா நடுவுல வந்து நின்னாங்க. "அன்னிக்கு என் வீட்டுக்காரரோட கால் அந்த வெள்ளைப் பலகைக்கு மேலாப் போச்சு, பலகைல படல. கிளம்பின புழுதியில அது உங்க யாருக்கும் தெரியல. தெரிஞ்சது அவருக்கும் இவருக்கும்தான். ஞாயித்துக்கிழமைன்னா அவர் இவரோட வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் உக்காந்து டோமினோ ஆடுவாங்க. 'நான் செத்தா பெட்டியைக் கொண்டாந்து வச்சு உன்னை சேஃப் சொல்லச் சொல்லி மிரட்டுவானுங்க. பயந்துடாத லியோ'ன்னு போன வாரம்கூடச் சொன்னார்."

எனக்குத் தாங்கல. "அப்ப எங்ககிட்ட ஏன்க்கா ஒரு வார்த்தைகூடச் சொல்ல..."



அக்கா என் நெஞ்சைப் பார்த்தாங்க. பனியன்ல இருந்த எழுத்தை நிதானமாப் படிச்சாங்க.

"அவுட் ஆனவரை இன்னும் எதுக்கு ஹோம் பிளேட்டுல வச்சிருக்கீங்க? தூக்குங்க. சாகோ, நீ தள்ளிக்கோ. முன்பக்கம் லியோன்சியோ பிடிக்கட்டும். பார்ல, தெருவுல, கல்யாணத்துலன்னு ஆயுசு பூரா அவரும் சொல்லிப் பார்த்தார். ஊர் முழுக்க ரசிகனுங்க, அவர் பேச்சை நம்பினது இந்த ஒருத்தர்தான்!"